ஏற்காடு மலைப்பாதையில் 18 மாதங்கள்: ஒரு கார் அவசரக் கருவிப் பையின் மதிப்பீடு

சேலம் அழகாபுரத்தில் குடியிருந்துகொண்டு வாரத்தில் மூன்று நாள் வேலை நிமித்தமாக ஏற்காட்டுக்குக் காரில் ஏறி இறங்குகிறேன். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரைத் தொடுகிறது. அடிவாரத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டிய பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த உயரத்தை ஏறியாக வேண்டும். நடுவில் வண்டி நின்றுவிட்டால், கீழே கோரிமேட்டுப் பக்கமிருந்தோ மேலே ஏற்காட்டிலிருந்தோ மெக்கானிக் வந்து சேரும்வரை, கையில் இருப்பதைக் கொண்டுதான் சமாளிக்க வேண்டும். சில வளைவுகளில் கைப்பேசியில் அழைப்புப் போவதே சிரமம்.

அதனால்தான் 18 மாதங்களுக்கு முன் ஐந்து ரோடு பக்கமுள்ள ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் 3,490 ரூபாய் கொடுத்து ஓர் ஆயத்த அவசரக் கருவிப் பையை வாங்கினேன். பையின் மேலிருந்த அட்டையில் 64 பொருள்கள் என்று அச்சிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து கூடத்தில் பரப்பி எண்ணிப் பார்த்தபோது கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 64-இல் கேபிள் டை 20, ஃபியூஸ் 10, ஒட்டுத்துணி 12. மீதி 22 பொருள்களில்தான் காற்றடிக்கும் கம்ப்ரசர், ட்யூப்லெஸ் பஞ்சர் ஒட்டும் சாமான், ஜம்பர் கேபிள், இழுவைக் கயிறு, சிவப்பு முக்கோணம், மின்னும் பட்டையிட்ட மேற்சட்டை, டார்ச், கையுறை, திருப்புளி, பிளேயர், கண்ணாடி உடைக்கும் சுத்தியல், முதலுதவிப் பெட்டி முதலியவை அடங்கியிருந்தன. இத்தகைய பைகளைப் பல கடைகளில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். மேலே உள்ள பெயர் மாறினாலும் உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பதால், இங்கே நான் எழுதுவது குறிப்பிட்ட ஒரு பெயரைப் பற்றியதன்று. இந்த வகைப் பையைப் பற்றியது.

மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பை நன்றாக இருக்கிறது, முக்கோணமும் மேற்சட்டையும் கொடுத்த காசுக்குத் தகும், கையுறை பரவாயில்லை. மற்றவற்றை ஒவ்வொன்றாக நான் மாற்ற வேண்டியிருந்தது. எதை, ஏன் மாற்றினேன் என்பதுதான் இனி வருவது.

பை வாங்கிய நான்காவது மாதம், அக்டோபரில் ஒரு மாலை ஆறரை மணிக்கு, மேலே ஏறும்போது ஒன்பதாவது வளைவைத் தாண்டியதும் இடப்புறப் பின் சக்கரம் பஞ்சரானது. மழை அப்போதுதான் விட்டிருந்தது, பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. வளைவை ஒட்டியே நிற்பதைவிட டயர் வீணானாலும் சரி என்று நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு போய், சாலை சற்று அகன்றிருந்த இடத்தில் நிறுத்தினேன். இந்த முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஒரு டயரின் விலை நமக்குத் தெரியும். வளைவில் திரும்பும் பேருந்தின் பின்புறம் எவ்வளவு அகலமாக வீசி வரும் என்பதை இந்தப் பாதையில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் கை போனது முக்கோணத்துக்குத்தான். சமதளச் சாலையில் வண்டிக்கு 50 மீட்டர் பின்னால் வைத்தால் போதும் என்பது பொது வழக்கம். மலைப்பாதையில் அந்தக் கணக்கு உதவாது. நான் நின்ற இடத்திலிருந்து 50 மீட்டர் என்பது வளைவுக்கும் எனக்கும் இடைப்பட்ட பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும்; கீழிருந்து வருகிறவர் வளைவைத் திரும்பி முடித்த பிறகே அதைக் காண்பார். ஆகவே வளைவுக்குக் கீழே, அவர் திரும்பத் தொடங்குவதற்கு முன்பே விளக்கொளி படும் இடத்துக்கு நடந்து போய் வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான், மேலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை என்பது உறைத்தது. குறுகிய சாலையில் ஒருவர் நின்றால் இரு திசைக்கும் அது தடையே. மறுநாளே இரண்டாவது முக்கோணம் ஒன்று வாங்கிப் பையில் சேர்த்தேன். ஆயத்தப் பைகளில் ஒன்றுதான் இருக்கும். மலைப்பாதைக்கு இரண்டு வேண்டும். பையோடு வந்த முக்கோணத்தின் அடிப்பகுதியில் எடையுள்ள இரும்புக் கால்கள் இருந்ததால் பேருந்து கடக்கும்போது எழும் காற்றில் அது சாயவில்லை. வாங்கும்போது இதை மட்டும் கையில் எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் கால் உள்ளவை விசிறி வேகத்துக்கே விழுகின்றன.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முக்கோணம் இல்லாதவர்கள் சாலையில் கற்களை வரிசையாக வைப்பதும், பச்சைக் கிளையை ஒடித்துப் போடுவதும் நம் பாதைகளில் பழைய வழக்கம். கிளை போடுவதில் பெரிய தவறில்லை. வேலை முடிந்த பிறகு கற்களை அப்படியே விட்டுப் போகிறார்களே, அதுதான் பொறுக்க முடியாதது. இரவில் பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரருக்கு அந்தக் கல் என்ன செய்யும் என்று ஒரு கணம் எண்ணினால் எவரும் அதைச் செய்யமாட்டார்கள்.

அடுத்தது, நிற்கும் வண்டியின் சக்கரம் உருளாமல் தடுக்கும் முட்டுக்கட்டை. பையில் அது இல்லவே இல்லை, இது மன்னிக்க முடியாத குறை. பெரும்பாலான சிறிய கார்களில் கைபிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால் அந்தப் பிடிப்பில் பாதி போய்விடும். சரிவில் நிற்கும் வண்டி அப்போது பின்னோக்கி நகர்ந்தால் ஜாக்கி சாய்ந்து, வண்டியின் அடிப்பகுதி தரையில் இறங்கும். முதல் கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்குக் கீழ்ச்சரிவுப் பக்கம் சாலையோரக் கற்களை அண்டக் கொடுத்துத்தான் அன்று வேலையைத் தொடங்கினேன். பிறகு அம்மாபேட்டையில் ஒரு தச்சுப் பட்டறையில் சொல்லி, ஓர் அடி நீளத்தில் முக்கோணமாகச் சீவிய வேப்பங்கட்டை இரண்டு செய்து வாங்கிக்கொண்டேன். இரண்டும் சேர்த்து 150 ரூபாய். 18 மாதங்களில் நான் செலவழித்தவற்றிலேயே இதைப் போல் மனநிறைவு தந்தது வேறில்லை.

அன்று என்னைத் திணறடித்தது நட்டு. காரோடு வந்த வளைந்த வீல் ஸ்பேனரின் கைப்பிடி ஏறத்தாழ 25 சென்டிமீட்டர்தான். சிறிய கார்களின் சக்கர நட்டுக்குத் தேவையான இறுக்கம் சுமார் 100 நியூட்டன் மீட்டர். அதாவது ஓரடி நீளக் கைப்பிடியின் நுனியில் 33 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் விசை. அதற்கு ஒரு மாதம் முன்பு டயர் மாற்றிய இடத்தில் காற்றுத் துப்பாக்கியை வைத்து இறுக்கிய இறுக்கத்தில் ஐந்து நட்டில் மூன்று அசையவே மறுத்தன. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிக்கத் தொடங்கியபோது, மேலிருந்து காய்கறி ஏற்றி இறங்கிய ஒரு பிக்கப் வண்டிக்காரர் நிறுத்தி இறங்கி வந்தார். “மிதிக்காதீங்க சார், ஸ்பேனர் நழுவுச்சுன்னா கால் போயிரும். பைப்பு மாட்டி அமுத்துங்க, தானா வரும்” என்று சொல்லி, தன் வண்டியிலிருந்து இரண்டடி நீள இரும்புக் குழாய் ஒன்றை எடுத்து ஸ்பேனரின் கைப்பிடியில் செருகினார். நெம்புகோலின் நீளம் இரட்டிப்புக்கும் மேலானதால், நான் முழு எடையோடு நின்றும் அசையாத நட்டு, அவர் ஒரு கையால் அழுத்தியதும் “கிரீச்” என்ற ஒலியோடு இளகியது. ஒவ்வொரு நட்டும் இளகும்போது வந்த அந்த ஒலி இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது என் பையில் கிராஸ் ஸ்பேனர் ஒன்றும், செவ்வாய்ப்பேட்டையில் பழைய இரும்புக் கடையில் 60 ரூபாய்க்கு எடைபோட்டு வாங்கிய குழாய்த் துண்டு ஒன்றும் இருக்கின்றன. கிராஸ் ஸ்பேனர் வாங்குகிறவர்கள் தங்கள் வண்டியின் நட்டு அளவைப் பார்த்து வாங்க வேண்டும். நம் சாலைகளில் ஓடும் கார்களில் 19 மில்லிமீட்டரும் 21 மில்லிமீட்டரும் பரவலாக உள்ளன, ஒன்றின் ஸ்பேனர் மற்றொன்றுக்குச் சேராது. குழாயைக் கழற்றுவதற்கு மட்டுமே பயன்படுத்துங்கள். அதை மாட்டி இறுக்கினால் போல்ட்டு இழுபட்டு, பிறகு ஒருநாள் மரை கழன்றுபோகும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைச் சற்று இளக்கிக்கொள்வது, மாட்டும்போது எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்குவது, 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கம் பார்ப்பது ஆகிய மூன்றும் எந்தக் கருவியை வைத்திருந்தாலும் மாறாதவை.

ஜாக்கி காரோடு வந்ததே போதுமானது. ஆனால் மழையில் நனைந்த சாலையோர மண்ணில் அதன் சிறிய அடித்தட்டு புதைந்துகொண்டே போகும். ஓரடிச் சதுரத்தில் 18 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட் துண்டு ஒன்று டிக்கியின் அடியில் கிடக்கட்டும். மண்டியிட்டு வேலை செய்ய, சேகோ ஆலையில் வேலை பார்க்கும் உறவினர் கொடுத்த பழைய சணல் சாக்கு ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன். வழுக்காமல், ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, உதறினால் மண் போய்விடும் விரிப்பு அதைவிட வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஸ்டெப்னியை மாட்டி இறக்கியதும் அது பாதி சப்பையாக அமர்ந்தது. மாதக்கணக்கில் காற்றுப் பார்க்காததன் பலன், தவறு என்னுடையதே. அளவுமானியில் 18 பிஎஸ்ஐ காட்டியது; 33 இருக்க வேண்டும். பையிலிருந்த கம்ப்ரசரை எடுத்து 12 வோல்ட் சாக்கெட்டில் செருகினேன். முதலில் கம்பி பின் சக்கரம்வரை எட்டவில்லை. பின் கதவைத் திறந்து இருக்கைக்கு மேலாக இழுத்து ஒருவாறு பொருத்தி ஓடவிட்டால், ஒரு நிமிடத்துக்குள் சத்தம் நின்றது. சாக்கெட்டின் ஃபியூஸ் போய்விட்டது. சாக்கெட் மூடியின் உட்புறம் பாருங்கள், பெரும்பாலும் 120 வாட் என்று எழுதியிருக்கும். அது ஏறத்தாழ 10 ஆம்பியர். மலிவான கம்ப்ரசரின் மோட்டார் இறுகி நின்றால் அதைவிட அதிகமாக இழுக்கும். சரி, பையில்தான் 10 ஃபியூஸ் இருக்கின்றனவே என்று எடுத்தால், அவை எல்லாம் பெரிய அளவுத் தட்டை ஃபியூஸ்கள். என் வண்டியில் இருப்பதோ சிறிய அளவு. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. 18 பிஎஸ்ஐ காற்றோடு இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏற்காடு போய்ச் சேர்ந்தேன்.

அந்தக் கம்ப்ரசரை அப்படியே ஒதுக்கிவிடவில்லை. சரியான ஃபியூஸ் போட்டு, வீட்டு வாசலில் பகல் வெளிச்சத்தில், எஞ்சினை ஓடவிட்டு மறுபடி சோதித்தேன். முழுவதும் காற்று இறங்கிய சக்கரம் 33 பிஎஸ்ஐ-க்கு வர 11 நிமிடம் எடுத்தது. அதற்குள் குழாயின் பித்தளை முனை தொட முடியாத அளவுக்குச் சுட்டது. பிளாஸ்டிக் கருகும் வாடையும் வந்தது. அட்டையில் 150 பிஎஸ்ஐ என்று பெருமையாகப் போட்டிருப்பது கார்க்காரருக்கு எந்த வகையிலும் பயனில்லாத எண். நமக்குத் தேவை அழுத்தத்தின் உச்சமன்று, நிமிடத்துக்கு எவ்வளவு காற்றுத் தள்ளுகிறது என்பதுதான். அதன் மானி, அடிவாரத்துப் பஞ்சர் கடையின் மானியைவிட 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டியது. அதாவது 33 என்று நம்பி நிறுத்தினால் உள்ளே 30 தான் இருக்கும். நான் இப்போது வைத்திருப்பது பேட்டரி முனைகளில் நேரடியாகக் கவ்வும் வகை. 2,600 ரூபாய் ஆனது. அதே வேலையை நான்கு நிமிடத்தில் முடிக்கிறது, கம்பி நான்கு சக்கரங்களுக்கும் எட்டுகிறது. தனியாக ஒரு பேனா வடிவ மானியும் வைத்திருக்கிறேன்.

மானியைப் பற்றிப் பேசும்போது, ஏற்காட்டுக்குப் போய் இறங்கி அளந்து பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு ஒரு விளக்கம். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், டயரில் ஒரு பொட்டுக் காற்றும் சேராமலே மானி கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதேசமயம் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ குறையும். குளிர்ந்த காலையில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆகவே கீழே சரியாகப் பிடித்த காற்றை மேலே போய்த் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஏறி முடித்த சூட்டோடு அளந்துவிட்டுக் காற்றை இறக்கிவிடுவது தவறு.

பஞ்சர் ஒட்டும் சாமானில் துளையைத் தேய்த்துச் சீராக்கும் துரப்பணமும், ரப்பர்த் திரியைச் செருகும் ஊசியும் இருந்தன. இரண்டுக்கும் பிளாஸ்டிக் கைப்பிடி. ரேடியல் டயரின் உள்ளே எஃகுக் கம்பி அடுக்கு இருப்பதால் துரப்பணத்தை உள்ளே தள்ள நல்ல பலம் வேண்டும். பழைய டயர் ஒன்றில் பழகிப் பார்த்தபோது மூன்றாவது முறையிலேயே கைப்பிடி திருகி உடைந்து, கம்பி உள்ளங்கையில் குத்தியது. இரும்புக் கைப்பிடி உள்ளது 350 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ரப்பர்த் திரிகளும் சேலத்து வெயிலில் டிக்கிக்குள் கிடந்து காய்ந்துவிடுகின்றன. ஓராண்டுக்கு ஒருமுறை புதிது வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்கிறேன். ஆணி தரையில் பதியும் பகுதியில் இருந்தால் மட்டுமே இந்த வைத்தியம். பக்கச் சுவரில் கிழிந்ததைத் திரி போட்டு அடைக்கக் கூடாது. திரி, மானி, கம்ப்ரசர் எல்லாம் தயாராகும்வரை ஆணியைப் பிடுங்காதீர்கள். ஆணி இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும்.

2020-இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதி, ட்யூப்லெஸ் டயரும் காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவியும் பஞ்சர் சாமானும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று சொல்கிறது. ஸ்டெப்னி இல்லாத புது வண்டி வாங்கியிருப்பவர்கள் பஞ்சர் சாமானை அலட்சியமாக வாங்கக் கூடாது என்று வலியுறுத்திச் சொல்கிறேன். பக்கச் சுவர் கிழிந்தால் அவர்களுக்கு மீட்பு வண்டியைத் தவிர வேறு வழியே இல்லை.

ஜம்பர் கேபிளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. மேலே 500 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. கையில் பிடித்தால் விரல் தடிமன். கத்தியால் உறையைச் சீவிப் பார்த்தேன். விரல் தடிமனில் முக்கால் பங்கு ரப்பர். உள்ளே மெல்லிய கம்பிக் கற்றை. அந்தக் கம்பியையும் சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளையாகத் தெரிந்தது: செம்பு முலாம் பூசிய அலுமினியம். சிறிய பெட்ரோல் எஞ்சினைச் சுழற்றவே 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும், டீசலுக்கு அதைவிடக் கூடுதல். மெல்லிய கம்பி அதைத் தாங்காமல் சூடேறும். மின்னழுத்தம் வழியிலேயே கரைந்து, ஸ்டார்ட்டர் “டக் டக்” என்பதோடு நின்றுவிடும். பெட்ரோல் வண்டிக்குக் குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர், டீசலுக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இருக்க வேண்டும். நீளமும் முக்கியம். பையில் வந்தது 2 மீட்டர். குறுகிய மலைச் சாலையில் இரண்டு வண்டிகளை மூக்கோடு மூக்கு உரசும்படி நிறுத்த எல்லா இடத்திலும் வாய்க்காது. 3 மீட்டருக்கு மேல் இருந்தால்தான் ஓர் வண்டியின் பக்கவாட்டிலிருந்து கொண்டுவர முடியும்.

இணைக்கும் வரிசையை ஒரு காகிதத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கேபிளோடு கட்டி வைத்திருக்கிறேன். சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் நேர்முனை, அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் நேர்முனை, கறுப்பு நல்ல பேட்டரியின் எதிர்முனை, கடைசியாகக் கறுப்பின் மறுமுனை செத்த வண்டியின் எஞ்சினில் பேட்டரியைவிட்டு விலகிய வெற்று உலோகப் பகுதி. கடைசி இணைப்பில் தீப்பொறி வரும். பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடக்கூடியது என்பதால் அந்தப் பொறி அதன் அருகில் விழக் கூடாது. கழற்றும்போது வரிசையைத் தலைகீழாகப் பின்பற்ற வேண்டும். இருட்டில், மழையில், உதவ வந்தவர் அவசரப்படுத்தும்போது, தெரிந்ததெல்லாம் மறந்துபோகும் என்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

இழுவைக் கயிற்றை மலைப்பாதையில் பள்ளத்தில் இறங்கிய சக்கரத்தை மேலே எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடாத காரில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். அந்த நிலையில் கயிற்றில் கட்டிக் கொண்டை ஊசி வளைவில் இறக்குவது தற்கொலைக்கு ஒப்பானது. காரோடு வந்த, பம்பரில் திருகிப் பொருத்தும் இழுவை வளையம் உங்கள் டிக்கியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பழைய வண்டி வாங்கியவர்களிடம் பெரும்பாலும் அது தொலைந்துபோயிருக்கும், அது இல்லாமல் கயிறு இருந்து பயனில்லை.

கண்ணாடி உடைக்கும் சுத்தியலைக் காயலான் கடைக்கே எடுத்துப் போய், அங்கே கிடந்த பழைய கதவுக் கண்ணாடி ஒன்றில் சோதித்தேன். நான்கு முறை ஓங்கி அடித்ததில் கண்ணாடிக்கு ஒன்றுமில்லை, சுத்தியலின் முனை மழுங்கியது. கடினப்படுத்திய எஃகு முனையும் உள்ளே வில்லும் உள்ள, அழுத்தினாலே உடைக்கும் வகையொன்றை வாங்கி அதே கண்ணாடியின் மூலையில் வைத்து அழுத்தினேன். கண்ணாடி முழுவதும் கற்கண்டுத் தூளாக உதிர்ந்தது. மூலையில் அடிப்பதுதான் முறை, நடுவில் அடித்தால் கண்ணாடி வளைந்து கொடுக்கும். முன் கண்ணாடியை இதனால் உடைத்து வெளியேற முடியாது. அது இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. சில புது வண்டிகளில் பக்கக் கண்ணாடியும் அப்படியே வருகிறது. இந்தக் கருவியையும், சீட் பெல்ட் அறுக்கும் கத்தியையும் டிக்கியில் உள்ள பையில் வைப்பதில் எந்தப் பொருளும் இல்லை. ஓட்டுநர் பெல்ட் போட்டபடியே எட்டி எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

தீயணைப்பான் இந்தப் பைகளில் வருவதில்லை. 1 கிலோ உலர்தூள் வகை ஒன்று என் முன் பயணியின் இருக்கைக்கடியில் பட்டையால் கட்டி இருக்கிறது. மாதம் ஒருமுறை மானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பார்க்கிறேன். எஞ்சினில் புகை வந்தால் பானட்டை முழுவதும் திறக்காமல், சற்றே தூக்கிய இடைவெளி வழியாகத் தூளை அடிக்க வேண்டும். முழுவதும் திறந்தால் காற்றுப் புகுந்து தீ ஓங்கும்.

டார்ச் மங்கலானது, தலையில் மாட்டும் வகைக்கு மாறிவிட்டேன், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கிறது. முதலுதவிப் பெட்டியில் இருந்த ஒட்டுத்துணி ஒரு கோடையிலேயே பசை உருகி வீணானது. டயருக்குள் தெளிக்கும் அழுத்தக் குப்பி, லித்தியம் பேட்டரி உள்ள ஸ்டார்ட்டர் பெட்டி ஆகியவற்றை ஏப்ரல், மே மாதங்களில் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாதீர்கள். வெளியே 40 டிகிரியை நெருங்கும்போது மூடிய காருக்குள் அதைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். உண்மையில் என் வண்டியில் அதிகம் பயன்படுவது பிளாஸ்டிக் உறைகளும் எலுமிச்சம்பழமும்தான். 12-ஆவது வளைவைத் தாண்டும்போது பின் இருக்கையில் குழந்தைகள் இருந்தால் இரண்டும் வேண்டியிருக்கும். தின்பண்டத்தை மட்டும் கருவிப் பையோடு வைக்க வேண்டாம். குரங்குகள் நடமாடும் வளைவில் டிக்கியைத் திறந்து வைத்துவிட்டுச் சக்கரத்தருகே குனிந்தால், நிமிர்வதற்குள் பையைக் கலைத்துவிடுகின்றன.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அதற்குப் பிறகு கருவிகளோடு 5 லிட்டர் தண்ணீர், ஒரு கம்பளி, கைப்பேசிக்கு மின்னேற்றும் கம்பி ஆகியவற்றையும் சேர்த்துவிட்டேன். கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்கும் மாற்றுப்பாதையில் ஆள் நடமாட்டம் இன்னும் குறைவு. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இவை கட்டாயம். தண்ணீர் குடிக்க மட்டுமன்று, ஏற்றத்தில் எஞ்சின் கொதித்தால் கூலன்ட் தொட்டியில் ஊற்றவும் உதவும். ஆனால் அரை மணி நேரமாவது ஆறவிடாமல் மூடியைத் திறக்கக் கூடாது, வெந்நீர் முகத்தில் பீறிடும். 108, 112 ஆகிய எண்களோடு, தேசிய நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு 1033 என்ற எண்ணையும் பையின் மூடியின் உட்புறம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சென்ற மாதம் என் மைத்துனர் கொண்டலாம்பட்டியிலிருந்து வந்து, இதே பையை வாங்க வேண்டும் என்று என்னையும் கடைக்கு அழைத்துப் போனார். தருமபுரிக்குத் தொப்பூர் கணவாய் வழியாக அடிக்கடி போய் வருகிறவர். கடைக்காரரிடம் பையைப் பிரித்து மேசைமேல் வைக்கச் சொன்னோம்; கம்ப்ரசரை எங்கள் வண்டியிலேயே செருகி ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் காட்டும்படி கேட்டோம். இரண்டரை நிமிடத்தில் நின்றது. கடைக்காரர் சங்கடத்தோடு எங்களைப் பார்த்தார். வெறும் பை, இரண்டு முக்கோணம், மேற்சட்டை, கையுறை ஆகியவற்றை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று மைத்துனர் கேட்டார். முதலில் தயங்கியவர், உள்ளே போய் முதலாளியிடம் கலந்து பேசிவிட்டு வந்து 1,150 ரூபாய்க்குக் கொடுத்தார். அங்கிருந்து நேராகச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்க் குழாய்த் துண்டையும் கிராஸ் ஸ்பேனரையும் வாங்கிக்கொண்டு, வீட்டு வாசலில் அவருடைய வண்டியின் ஐந்து சக்கரங்களுக்கும் காற்றுப் பார்த்தோம். ஸ்டெப்னியில் 14 பிஎஸ்ஐ இருந்தது.